கோயில் கூரையில் சோலார்: லாபமா, ஊழியமா? ஒரு ஜெர்மன் ஊரின் கதை

எங்கள் ஊர்ப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். போன வருஷம் எங்கள் கோயில் கமிட்டியில், கூரைமேல் சோலார் பேனல் போடலாமா என்று பேச்சு வந்தது. "நீங்க இன்ஜினியர்தானே, ஒரு கணக்குப் போட்டுக் கொண்டாங்க" என்று ஆயர் என்னிடம் சொல்லிவிட்டார். நான் எழுதுவது மென்பொருள். படித்தது பி.இ. என்பதால் கம்பி, மீட்டர், கூரை எல்லாமே நமக்குத் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது.

ஒரு எக்செல் தாள் தயார் செய்தேன். 10 கிலோவாட் பேனல். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் நாளைக்கு 40, மாதத்துக்கு 1,200 யூனிட். யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் என்று பெருக்கினேன். ஒப்பந்தக்காரர் சொன்ன விலை ஐந்தரை லட்சம். ஐந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்குப் பிறகு இருபது வருஷம் இலவசம். கடைசியில் ஒரு வரி, ஆதியாகமத்தில் கடவுள் மனிதனைத் தோட்டத்தைக் காக்க வைத்தாரே, அதை நாமும் செய்கிறோம் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள்.

கமிட்டியில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்தவர். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, கோயில்ல ஃபேன் ஓடுறதே ஞாயித்துக்கிழமை. மத்த ஆறு நாளும் இந்தக் கரண்டு எங்க போகும்? அப்புறம் இன்னொண்ணு. லாபம்னா லாபம்னு சொல்லு. ஊழியம்னா ஊழியம்னு சொல்லு. ரெண்டையும் ஒரே தாள்ல கலக்காத."

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு நான்கு மாதம் வாசித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை. தேடிப் போனது பேனல் விலையை. வந்து சேர்ந்தது ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில்.

முதலில் என் தப்பு

டீச்சர் பிடித்த தப்பை முதலில் சரிசெய்துவிடுகிறேன். எங்கள் கோயிலின் மாதச் செலவு சுமார் 320 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் இரவில்தான்: மாலை ஜெபம், பாடகர் குழுப் பயிற்சி, வெளிவிளக்கு. சூரியன் இருக்கும்போது நேரடியாகச் செலவாவது மாதம் 150 யூனிட் இருந்தால் அதிகம். மிச்சம் 1,050 யூனிட் கம்பி வழியாக வெளியே போய்விடும்.

நாம் வாங்கும் யூனிட்டின் விலையும், நாம் வெளியே தள்ளும் யூனிட்டின் விலையும் ஒன்று அல்ல. இணைப்பின் வகை, அந்தந்தக் காலத்து விதி ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். ஆனால் பொதுவாக வெளியே தள்ளுவதற்குக் கிடைப்பது குறைவு. 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் என் ஐந்து வருஷம் கிட்டத்தட்ட பதினொரு வருஷமாகிவிடுகிறது. எல்லா யூனிட்டையும் ஏழரை ரூபாயால் பெருக்கியது ஆறாம் வகுப்புத் தப்பு. டீச்சர் கண்ணில் படாமல் இருக்குமா?

ஒரு அலுவலகம் வாரத்தில் ஐந்து நாள் பகலில் மின்சாரம் செலவு செய்கிறது. சூரியனுக்கும் அதற்கும் நேரம் ஒத்துப்போகிறது. கோயில் அப்படியில்லை. பெரிய கூரை, சின்னச் செலவு, அதுவும் வாரத்தில் ஒரு நாள். வழிபாட்டிடத்தின் கூரையில் பேனல் வைத்தால் அதில் விளைவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்குத்தான் போகும். கோயில் கூரையின் அமைப்பே அப்படி. இதைக் குறையாகவும் பார்க்கலாம், வேறு மாதிரியும் பார்க்கலாம். அந்த வேறு மாதிரியைத்தான் ஷோனாவ் எனக்குக் காட்டியது.

ஷோனாவ்: கதை மணல்தொட்டியில் தொடங்குகிறது

ஷோனாவ் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மலையூர். மக்கள்தொகை சுமார் 2,500. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஷோனாவிலிருந்து அது 1,600 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் காற்றோடு வந்த கதிரியக்கத் துகள்கள் தென்ஜெர்மனியில் மழையோடு இறங்கின. பிள்ளைகளை மணல்தொட்டியில் விளையாட விடலாமா, பால் கொடுக்கலாமா, தோட்டத்துக் கீரையைச் சமைக்கலாமா என்று தாய்மார்கள் தவித்தார்கள்.

அந்த ஊரில் உர்சுலா ஸ்லாடெக் என்பவர் இருந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்றவர், ஐந்து பிள்ளைகளின் தாய். கணவர் மிஷாயேல் ஸ்லாடெக், ஊர் மருத்துவர். இவர்களும் இன்னும் சில பெற்றோர்களும் சேர்ந்து, அணுசக்தி இல்லாத எதிர்காலத்துக்கான பெற்றோர் என்று ஒரு குழு தொடங்கினார்கள். இது சபை தொடங்கிய இயக்கம் அல்ல. விசுவாசிகளும் இருந்தார்கள், விசுவாசம் இல்லாதவர்களும் இருந்தார்கள். சபை இந்தக் கதைக்குள் பிறகுதான் வருகிறது.

அவர்கள் பேனலிலிருந்து தொடங்கவில்லை என்பது எனக்கு முதல் ஆச்சரியம். முதலில் செய்தது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் போட்டி. எந்த வீடு அதிகமாகக் குறைக்கிறதோ அதற்குப் பரிசு. அணு உலை வேண்டாம் என்றால் முதலில் நம் தேவையைக் குறைக்க வேண்டும், அதைச் செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் என்பது அவர்கள் யோசனை.

அங்கேதான் ஒரு சுவரில் முட்டினார்கள். மின் கட்டணத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று எவ்வளவு செலவழித்தாலும் மாறாத நிலைக்கட்டணம். இன்னொன்று யூனிட் கட்டணம். உதாரணத்துக்கு, ஒருவரின் பில் 1,000 ரூபாய், அதில் 500 நிலைக்கட்டணம் என்று வையுங்கள். அவர் கஷ்டப்பட்டுச் செலவைப் பாதியாகக் குறைத்தாலும் பில் 750 தான். நிலைக்கட்டணம் 100 ஆக இருந்தால் அதே ஆள் 550 கட்டுவார். மிச்சம் பிடிப்பவருக்கு லாபம் இருக்கிறதா என்பதை அந்தக் கட்டண அமைப்பே முடிவு செய்துவிடுகிறது. மிச்சம் பிடிப்பவருக்கு உதவும் மாதிரி கட்டணத்தை மாற்றித் தாருங்கள், சின்னச் சின்ன உற்பத்தியாளர்களுக்கு நியாயமான விலை கொடுங்கள் என்று அந்தப் பகுதியின் மின் நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் மறுத்துவிட்டது. மின்சாரம் விற்பதுதான் அதன் தொழில், குறைவாக வாங்குங்கள் என்று ஏன் சொல்லப்போகிறது?

மென்பொருள்காரனுக்கு இது உடனே புரியும். நீங்கள் எவ்வளவு நல்ல செயலி எழுதினாலும், அது ஓடுகிற தளம் இன்னொருவர் கையில் இருந்தால் விதி அவருடையதுதான்.

கம்பியை வாங்குவது என்று முடிவு செய்தார்கள்

ஜெர்மனியில் ஒரு ஊரின் தெருக்களில் மின்கம்பி போடும் உரிமையை ஊராட்சிதான் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும். அதிகபட்சம் 20 வருஷம். ஷோனாவில் அந்த ஒப்பந்தம் 1994இல் முடிய இருந்தது. அதற்கு முன்பே புதுப்பித்தால் ஊருக்கு 1 லட்சம் மார்க் தருவதாக நிறுவனம் சொன்னது. நம்ம பெற்றோர் குழு என்ன செய்தது தெரியுமா? "புதுப்பிக்காதீர்கள், அந்த 1 லட்சத்தை நாங்கள் தருகிறோம்" என்று ஊராட்சியிடம் போய் நின்றார்கள்.

ஊராட்சி கேட்கவில்லை. நிறுவனத்தோடு புதுப்பிக்கவே தீர்மானித்தது. குழு கையெழுத்து வாங்கி ஊர் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 1991 அக்டோபரில் வாக்கெடுப்பு. ஏறத்தாழ 56 சதவீதம் குழுவின் பக்கம். பிறகு 1994இல் ஷோனாவ் மின் நிறுவனம் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஊராட்சி அதற்கு உரிமம் கொடுக்க, இந்த முறை எதிர்த்தரப்பு இரண்டாவது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. 1996 மார்ச்சில் நடந்த அதிலும் வென்றார்கள். ஆனால் 52 சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2,500 பேர் இருக்கும் ஊரில், வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேண்டாம் என்று வாக்களித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. அமெச்சூர் ஆட்கள் மின்சாரம் நடத்தினால் விளக்கு அணைந்துபோகாதா, தொழிற்சாலைக்கு என்ன ஆகும் என்பது நியாயமான பயம். ஒரே தெரு, ஒரே பேக்கரி, ஒரே கோயில். மறுநாள் காலை ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். நீடித்த சமூகம் என்று கட்டுரைகளில் அழகாக எழுதுகிறோமே, அது இந்தக் காலை நேரத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்து பணம். பழைய நிறுவனம் கம்பி வலையமைப்புக்குக் கேட்ட விலை 87 லட்சம் மார்க். ஷோனாவ்காரர்கள் அமர்த்திய நிபுணரின் மதிப்பு அதில் பாதிக்கும் குறைவு. வழக்குப் போட்டால் பல வருஷம் இழுக்கும். அதனால் கேட்டதைக் கொடுத்துக் கம்பியை வாங்குவது, பிறகு வழக்கு நடத்துவது என்று தீர்மானித்தார்கள். சமூக நோக்கோடு கடன் கொடுக்கும் ஒரு வங்கி கைகொடுத்தது. "நான் ஒரு கோளாறு" என்று பொருள் வரும் வாசகத்தோடு நாடு முழுவதும் நன்கொடைப் பிரசாரம் நடத்தினார்கள். அணு உலையில் ஏற்படும் கோளாறைக் குறிக்கும் அதே ஜெர்மன் சொல்லைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டது அந்தப் பிரசாரத்தின் நகைச்சுவை. நிறுவனமும் கேட்ட விலையிலிருந்து இறங்கி வந்தது. 1997 ஜூலை 1 அன்று ஊரின் கம்பி ஊர் மக்கள் கைக்கு வந்தது. பிற்பாடு வந்த தீர்ப்பில், கொடுத்த விலையே அதிகம் என்று முடிவாகி, கூடுதலாகக் கொடுத்த பணமும் திரும்பி வந்தது.

படைப்பின் சன்னல்

இப்போது கோயிலுக்கு வருவோம். ஷோனாவில் சீர்திருத்த சபையின் கோயில் ஒன்று மேட்டின்மேல் நிற்கிறது. பெயரே மலைக்கோயில். கம்பி ஊர் கைக்கு வந்த பிறகு, 90களின் கடைசியில், அந்தக் கோயிலின் கூரையில் சோலார் பேனல்களைப் பதித்தார்கள். அதற்கு வைத்த பெயர் "படைப்பின் சன்னல்".

பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் துறை எதிர்த்தது. மேட்டின்மேல் இருக்கும் கோயில், ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அங்கே நீலக் கண்ணாடியா? இந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழையதைக் காப்பதும் காப்பதுதானே. ஆனால் சபை தன் கூரையை ஒரு அறிக்கையாகவே பார்த்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியாக ஒளி உள்ளே வருகிறது. இந்தச் சன்னல் வழியாக ஒளி வெளியே, ஊருக்குள் போகிறது.

கருங்காட்டில் ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,000 யூனிட்தான் தரும். நம் ஊரில் 1,450 வரை எதிர்பார்க்கலாம். வெயில் குறைந்த ஊர், வாரத்துக்கு ஒரு நாள் ஆராதனை. என் எக்செல் தாளில் போட்டால் ஷோனாவ் கோயில் எங்களைவிட மோசமாகத் தோற்கும். ஆனால் அங்கே கோயில் தள்ளும் யூனிட், ஊர் மக்களே வைத்திருக்கும் கம்பியில் போய், பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பில் எரிகிறது. சின்ன உற்பத்தியாளருக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டும் என்று யார் கேட்டார்களோ, அவர்களே இப்போது விலை வைக்கிறார்கள். தாளில் நான் "இழப்பு" என்று எழுதிய பத்திதான் அங்கே நோக்கமே.

டீச்சரின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். மற்ற ஆறு நாளும் கரண்டு எங்கே போகும்? அக்கம்பக்கத்துக்குப் போகும். அது நஷ்டமா ஊழியமா என்பதைப் பேனல் முடிவு செய்வதில்லை. கம்பியும் கட்டணமும் முடிவு செய்கின்றன.

ஆளுவதா, காப்பதா?

இரண்டாவது கேள்வி லாபமா, ஊழியமா என்பது. இதற்கு வேதாகமப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. நான் இறையியல் படித்தவன் அல்ல. அகராதிகளையும் உரைகளையும் வைத்துக்கொண்டு வாசித்ததைச் சொல்கிறேன்.

1967இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சூழல் சீர்கேட்டின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பூமியைக் கீழ்ப்படுத்து, ஆண்டுகொள் என்று ஆதியாகமம் முதல் அதிகாரம் சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஒரு நாகரிகம், இயற்கையைத் தன் பயன்பாட்டுக்கான பொருளாகவே பார்த்துவிட்டது என்றார். அதே கட்டுரையின் முடிவில், சூழலியலாளர்களின் காவல் புனிதராக அசிசியின் பிரான்சிஸை வைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். குற்றம் சாட்டியவரின் யோசனையைச் சபை ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒயிட்டின் குற்றச்சாட்டு சபைகளை உலுக்கியது. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம் ஆகியவற்றோடு படைப்பின் முழுமையையும் சேர்த்து வைத்தது. 1989இல் கிழக்குத் திருச்சபையின் முதன்மைத் தலைவர் முதலாம் டிமிட்ரியோஸ் செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். 2008இல் வாத்திக்கானின் ஆறாம் பால் மண்டபத்தின் கூரையில் ஏறத்தாழ 2,400 பேனல்கள் ஏறின. 2015இல் போப் பிரான்சிஸின் "லவுதாத்தோ சீ" சுற்றுமடல் வந்தது. ஏழையின் அழுகையையும் பூமியின் அழுகையையும் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பது அதன் மையம்.

எனக்கு வெளிச்சம் கொடுத்தது இந்த அறிக்கைகளைவிட ஒரு சின்ன எபிரெயச் சொல். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குத் தோட்டத்தில் இரண்டு வேலை. தமிழ் வேதாகமத்தில் பண்படுத்துவது, காப்பது. எபிரெயத்தில் முதல் சொல் "ஆபத்". அதற்கு உழுவது என்றும் பொருள், ஊழியம் செய்வது என்றும் பொருள். இரண்டாவது "ஷாமர்", காவல் காப்பது. இதே இரண்டு சொல்லும் எண்ணாகமத்தில் லேவியர்கள் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் பணிக்கும் வருகின்றன. அதாவது தோட்ட வேலைக்கும் கோயில் பணிக்கும் ஒரே சொற்கள்.

ஷாமர் வேறு எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். நான்காம் அதிகாரத்தில், தம்பியைக் கொன்றுவிட்டு நிற்கும் காயீன் வாயில் வருகிறது. என் சகோதரனுக்கு நான் காவலாளியா என்று கேட்கிறானே, அந்தக் "காவலாளி" இதே வேரிலிருந்து வந்த சொல். தோட்டத்தைக் காப்பதற்கும் சகோதரனைக் காப்பதற்கும் வேறு வேறு சொல் இல்லை. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இன்னொரு படி போகிறது. நிலம் உங்களுடையது அல்ல, நீங்கள் அதில் தங்கியிருப்பவர்கள், அதனால் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு, அதில் தானாக விளைவது வேலைக்காரனுக்கும் பரதேசிக்கும் மிருகத்துக்கும் கூட.

இதை வைத்துப் பார்த்தால், என் தாளின் கடைசி வரி எவ்வளவு மலிவானது என்று தெரிந்தது. கோயில் பில் குறைவதைக் கணக்குப் போட்டுவிட்டு, அதன்மேல் தோட்டத்தைக் காக்கிறோம் என்று ஒரு வசனத்தைத் தூவியிருந்தேன். பக்கத்து வீட்டைப் பற்றி அதில் ஒரு பத்திகூட இல்லை.

ஷோனாவை அப்படியே நகல் எடுக்க முடியுமா?

முடியாது. அங்கே ஊராட்சி உரிமம் கொடுக்கும் முறை இருந்தது, அதனால் ஊர் வாக்கெடுப்பில் கம்பியை வாங்க முடிந்தது. நம் மாநிலத்தில் விநியோகக் கம்பி அரசு நிறுவனத்திடம். ஒரு ஊர் சேர்ந்து அதை வாங்கும் பேச்சே இல்லை. அது வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கட்டணத்தில் ஏழைக்கும் விவசாயிக்கும் கிடைக்கும் சலுகையெல்லாம் அந்தப் பெரிய அமைப்பு இருப்பதால்தான்.

ஷோனாவின் கதையையும் பெரிதுபடுத்தக் கூடாது. 1998இல் ஜெர்மனி மின்சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, அவர்கள் நாடு முழுவதும் பசுமை மின்சாரம் விற்கத் தொடங்கினார்கள். 2011இல் உர்சுலா ஸ்லாடெக் கோல்ட்மேன் சூழல் விருது வாங்கும்போது வாடிக்கையாளர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஷோனாவ் கூரைகளா மின்சாரம் கொடுக்கும்? வெளியிலிருந்து நீர்மின்சாரம் போன்றவற்றை வாங்கித்தான் விற்கிறார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சின்னத் தொகையை எடுத்துப் புதிய சிறு நிலையங்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஜெர்மனியின் கடைசி அணு உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்றுதான் நின்றன. மணல்தொட்டிக் கவலையிலிருந்து அதுவரை 37 வருஷம்.

நகல் எடுக்கக்கூடியது அவர்கள் போன வரிசை. முதலில் மிச்சம் பிடித்தார்கள். அடுத்து, விதியும் கம்பியும் யார் கையில் என்று கேட்டார்கள். கூரை மூன்றாவதாகத்தான் வந்தது. நான் மூன்றாவதிலிருந்து தொடங்கியிருந்தேன்.

எங்கள் காம்பவுண்டில்

எங்கள் கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. பழைய ஓட்டுக் கூரை, பேனல் எடையைத் தாங்காது. பள்ளிக்கூடம் ஓடுவது வாரத்தில் ஐந்து நாள், பகலில். கோயில் சும்மா இருக்கும் நேரமும் அதுதான். கோயில் கூரையில் விளைவதைப் பள்ளிக்குக் கொடுத்தால் சூரியனுக்கும் செலவுக்கும் நேரம் சரியாகப் பொருந்தும். இடையில் முப்பது அடி தூரம்.

ஆனால் இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு, தனித்தனி மீட்டர். நாமாக ஒரு கம்பியை இழுத்துவிட முடியாது, விதிமீறலாகிவிடும். ஷோனாவ்காரர்கள் முட்டிய அதே சுவர், சின்ன அளவில். இரண்டு இணைப்பையும் ஒன்றாக்கினால் கட்டண வகை மாறுமா, பள்ளிக்குக் கிடைக்கும் விலை போய்விடுமா என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பேனலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, மிச்சம் பிடிப்பதன் கணக்கைப் போட்டேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். புதிய பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். கோயிலில் ஒரு ஃபேன் மாதத்துக்கு 60 மணி நேரம் ஓடுகிறது. மிச்சம் 2.7 யூனிட். பள்ளியில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 22 நாள். 132 மணி நேரம். மிச்சம் ஏறத்தாழ 6 யூனிட். ஒரே ஃபேன், ஒரே விலை. பள்ளியில் மாட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் பலன். இந்த முறை இரண்டு தாளாகக் கொண்டுபோனேன். ஒன்றில் லாபக் கணக்கு, இன்னொன்றில் மற்றது.

பொருளாளர் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. "கோயில் காணிக்கைய எடுத்துப் பள்ளிக்கூடத்து ஃபேனுக்குப் போடணுமா? நம்ம கோயில்ல பாதி ஃபேன் கிரீச் கிரீச்னு சத்தம் போடுது."

நான் ஷாமர், காயீன் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். டீச்சர் கையமர்த்திவிட்டார். லாபத் தாளை அண்ணாச்சி பக்கம் நகர்த்தி, ஆறு என்று எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார்.

"கோயில்ல சத்தம் போடுற ஃபேனுக்கு எண்ணெய் விட்டாப் போதும் அண்ணாச்சி. அங்க பிள்ளைங்க நாள் பூரா உக்காந்திருக்கு."

பள்ளிக்கு முதலில் 12 ஃபேன் என்று தீர்மானம் ஆனது. சோலார், மீட்டர் பதில் வந்த பிறகு. கோயில் ஃபேன்களுக்கு எண்ணெய் விடும் வேலை, இன்ஜினியர் என்ற முறையில், எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.